பேச்சியக்கா வீட்டுச் சுவர்

நான் எடுத்த படங்களைக் கிராம சேவகர் மேசைமேல் பரப்பினார். மொத்தம் பன்னிரண்டு. எங்கள் லயத்துப் பன்னிரண்டு குடும்பத்தின் தலைவிதியும் அதில் இருக்கிறது என்று நம்பி, அட்டன் வரை பஸ்ஸில் போய் நல்ல கடதாசியில் அச்சடித்துக் கொடுத்த படங்கள். கூட வந்த கடிதத்தை அவர் சிங்களத்தில் ஒருமுறை முணுமுணுத்துப் படித்துவிட்டு, எனக்காகத் தமிழில் சுருக்கினார்.

"படத்தில ஒண்டும் வெளங்கல்லயாம், மிஸ். இது வெடிப்பா நிழலான்னு தெரியல்லயாம். ஆழம், அகலம் தெரியிற மாதிரி தெளிவான படத்தோட திரும்பப் போடச் சொல்லியிருக்கு."

"வந்து பாத்தா வெளங்குமே சேர்."

"படம் தெளிவா இருந்தாத்தான் வருவாங்க."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு படங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். நோட்டன் பிரிட்ஜ் சந்தியிலிருந்து மேலே ஏறி தோட்டத்தின் மேல்பிரிவான எங்கள் மேக்கணக்குக்குப் போய்ச் சேரும் வரை காது கொதித்தது. கடிதம் எழுதிய கந்தோர்க்காரன் மேல் கோபமென்றால் கத்தித் தீர்த்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது உண்மை. படங்களில் ஒன்றும் தெரியவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம்.

விஷயம் இதுதான். மலையை வெட்டிய ஒரு படியில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதுதான் எங்கள் லயம். போன நவம்பர் மழையில் கடைசிக் காம்பராவின் பின்சுவரில், கூரைத் தகரத்திலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு விழுந்தது. அது அங்கேயே நிற்கவில்லை. வெளியே வந்து, லயத்துக்குப் பின்னால் மண்ணிலும் ஓடி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் பாதையைக் கடந்து தேயிலைக்குள் இறங்கியது. அதே மழையில் எதிர்மலையில் ஒரு லயம் மண்ணோடு போனதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தவர்கள். மண்சரிவைப் பார்க்கும் கந்தோரிலிருந்து ஆள் வந்து, இது ஆபத்தான இடம் என்று எழுதினால் வேறிடத்தில் காணியும் வீடும் கிடைக்கும். எழுதாவிட்டால் மே மாத மழைக்கும் நாங்கள் இங்கேயேதான் படுக்க வேண்டும். தோட்ட நிர்வாகமோ அது வெறும் சாந்து வெடிப்பு என்று ஒரே பிடியாக நின்றது. சாந்து வெடிப்பு வழியாகக் காற்று வருமா? கடைசிக் காம்பராவில் இருக்கும் பேச்சியக்கா சாமி விளக்கு ஏற்றினால், பின்சுவரிலிருந்து வரும் காற்றில் அது அணைந்தது.

படம் எடுக்கும் வேலையை என் தலையில் கட்டியதற்குக் காரணம், லயத்தில் என்னிடம் மட்டும்தான் கேமரா இருந்தது. குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு மகன் புதிது வாங்கியதும் பழையதை என்னிடம் கொடுத்துவிட்டான். மூன்று வருட வேலையில் நான் கேட்காமல் கிடைத்த ஒரே பொருள் அது. திரும்பி வந்து, கல்யாணம், சடங்கு என்று படம் பிடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் வேலை அழகுமுத்து அண்ணன் மகள் சுலக்ஷனாவின் சடங்கு. பவுடர் பூசிய முகத்தில் நேராகப் பிளாஷ் அடித்ததில், பிள்ளைக்குக் கண்ணும் பொட்டும் மட்டும் மிஞ்சின. தாய்மாமனுக்கு இரண்டு மூக்கு. அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயர் பனிமூட்டம். கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள் என் வாசலைத் தாண்டும்போது, "ஏய், பனிமூட்டம் எந்திரிச்சிருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சடங்குப் படம் கெட்டால் சிரிக்கலாம்.

இந்தப் படம் கெட்டதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியக்கா வந்து, "என்னடி மெரினா, என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோது, "திரும்ப எடுக்கச் சொன்னாங்கக்கா" என்றேன்.

"எடுத்துட்டாப் போச்சு. நீயும் இருக்க, சுவரும் இருக்கு. மழை வர்றதுக்கு முன்னாடி எடு."

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் கடையில் வேலை. யாரையும் குறை சொல்ல வாயெடுக்க மாட்டாள். அது என்னை இன்னும் சுட்டது. இனி ஒருத்தன் என் படத்தைப் பார்த்து விளங்கவில்லை என்று சொல்லக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

முதலில் கிடைத்த திருடன் என் வீட்டிலேயே இருந்தான். எங்கள் பக்கத்தில் ஈரம் படக்கூடாத எதுவும் அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில்தான் இருக்கும். தீப்பெட்டி, உப்பு, பிறப்புச் சான்றிதழ், எல்லாம் அங்கேதான். நானும் கேமராவை அங்கேயே பத்திரப்படுத்தியிருந்தேன். ஒரு நாள் லென்ஸை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது கண்ணாடி மேல் மஞ்சளாய் ஒரு படலம். துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திப் பனியனால் துடைத்தேன். துணியில் தேநீர்க் கறை. பத்து மாத அடுப்புப் புகை வழியாகத்தான் நான் இவ்வளவு நாளும் உலகத்தைப் படம் பிடித்திருக்கிறேன். சுலக்ஷனாவின் சடங்கு நினைவுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து கேமரா மா டின்னுக்குள், ஈரம் உறிஞ்ச வறுத்த அரிசி முடிச்சோடு குடியேறியது.

புகை போனதும் பாதி தெளிந்தது. மீதிப் பாதி என் கை. காம்பராவுக்குள் வெளிச்சம் குறைவு. கேமரா தானாக முடிவெடுத்தால் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்துக்கொள்கிறது. அதற்குள் நான் மூச்சு விடுகிறேன், கை ஆடுகிறது. யூடியூபில் தமிழ்நாட்டு ஆள் ஒருவர் முக்காலி வாங்கச் சொன்னார். அவர் சொல்வார், வாங்கலாம். நான் கொழுந்துச் சாக்கில் மண்ணை நிரப்பி, உட்காரும் கட்டையின் மேல் போட்டு, அதற்குள் கேமராவை அமுக்கி உட்கார வைத்தேன். விரல் பட்டாலும் ஆடும் என்று, இரண்டு நொடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். பிளாஷை மூடினேன். ஆட்டம் நின்றது.

அப்படியும் வெடிப்பு மங்கலாகவே விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், பக்கத்தில் தொங்கிய முருகன் நாட்காட்டியில் தேதியெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. கேமராவுக்கு வெறும் சுவர் பிடிக்கவில்லை, எழுத்தைக் கண்டால் அங்கே ஓடிவிடுகிறது. சரி, எழுத்துத்தானே வேண்டும் உனக்கு? பத்திரிகைத் துண்டு ஒன்றை வெடிப்பின் விளிம்பில் ஒட்டி, அந்த எழுத்தில் ஃபோகஸ் வைத்து, லென்ஸில் இருக்கும் பொத்தானைக் கைமுறைக்குத் தள்ளிவிட்டு, துண்டைப் பிய்த்து எடுத்தேன். பேச்சியக்கா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுவத்துக்குப் பேப்பர் ஒட்டுற, பிக்கிற. பைத்தியம் புடிச்சிருச்சாடி?"

"கேமராவ ஏமாத்துறேன்க்கா."

"ஏமாத்து, ஏமாத்து. அது ஒண்ணுதான் ஏமாறாம இருந்துச்சு."

இப்போது படம் கூர்மை. ஆனால் வெடிப்பு ஒரு கறுப்புக் கோடாக மட்டும் இருந்தது. யாரோ பென்சிலால் கீறியதைப் போலத் தட்டையாக. ஆழம் தெரியவில்லை. கந்தோரில் கேட்டதோ ஆழமும் அகலமும். இரண்டு வாரம் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினேன். பல்பை மாற்றினேன், பெரிய பல்பு வாங்கிப் போட்டேன். வெளிச்சம் கூடக் கூட வெடிப்பு இன்னும் ஒல்லியாகிப் போனது. அழுகை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து எட்டிப் பார்த்தபோது, பேச்சியக்கா கதவைச் சாத்திக்கொண்டு, கையில் டோர்ச்சோடு சுவரோரம் குந்தியிருந்தாள். வெடிப்பிலிருந்து பூரான் ஒன்று வந்து எங்கேயோ ஒளிந்துவிட்டதாம். டோர்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்து, ஒளியை நீளத்துக்கு ஓடவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். சுவர் முழுவதும் மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. ஆணி அடித்த ஓட்டை, உதிர்ந்த காரை, பழைய கைத்தடம், எல்லாம். நடுவில் வெடிப்பு, இரண்டு உதடும் விலகிய ஒரு வாய். ஒரு பக்க உதடு மற்றதைவிட விரலளவு முன்னால் தள்ளி வந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அக்கா, அசையாதீங்க!"

"ஐயோ, எங்கடி பூரான்?"

"பூரான விடுங்க. டோர்ச்ச அப்பிடியே புடிங்க!"

நேராக அடிக்கிற வெளிச்சம் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது, பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. இவ்வளவுதான் விஷயம். வெடிப்புக்குள் ஒரு தீப்பெட்டியைச் சொருகி, அளவு தெரிய வைத்து, அன்றைக்கே ஒன்பது படம் எடுத்தேன். வெளியே மண்ணில் ஓடிய வெடிப்பைக் காலை ஆறரைக்கு, சூரியன் மலைமேல் சரிந்து வரும்போது எடுத்தேன். படங்களைப் பார்த்த கிராம சேவகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். மூன்றாம் வாரம் பதில் வந்தது. ஏப்ரல் முதல் செவ்வாய் ஆள் வருகிறது.

லயமே தலைகால் தெரியாமல் ஆடியது. நான் திங்கட்கிழமை அட்டனுக்குப் போனேன், வருகிற அதிகாரி கையில் கொடுக்கப் படங்களைப் பெரிதாக அச்சடிக்க. கடைக்காரன், "யார் எடுத்தது?" என்று கேட்டான். "நான்தான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. நான்கு மணி பஸ்ஸில் திரும்பி, கடைசி வளைவைத் தாண்டி நிமிர்ந்தபோது கண் கூசியது.

எங்கள் லயம் வெள்ளை வெளேரென்று நின்றது. பன்னிரண்டு காம்பராவும், ஒன்று விடாமல்.

எங்கள் தோட்டத்தில் யார் வந்தாலும் வெள்ளையடிப்போம். தொரை வந்தாலும், தேர்தலுக்கு ஆள் வந்தாலும், பாதிரியார் வந்தாலும். வருகிறவர் முகம் சுளிக்கக்கூடாது. அது எங்கள் எலும்புக்குள் போன பழக்கம். ஏழு வருடமாகத் தோட்டம் ஒரு பிடி சுண்ணாம்பு தரவில்லை. அன்றைக்குக் காலையில் கண்டாக்கு கஜேந்திரன், மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிற மனிதர், லொறியில் நான்கு மூட்டை சுண்ணாம்பை அனுப்பியிருந்தார். "உங்க வீடு, நீங்கதானே அழகா வச்சுக்கணும்" என்று சொல்லி, பெண்களுக்கு அரை நாள் லீவும் கொடுத்திருந்தார்.

பேச்சியக்கா முழங்கை வரை சுண்ணாம்போடு வாசலில் நின்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியாடி, கல்யாண வீடு கணக்கா இருக்கா?"

நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். பின்சுவரில் ஒன்றுமில்லை. பாலாடை போல வழவழவென்று சுவர். வெடிப்புக்குள் களிமண்ணை அப்பி, அமுக்கி, மேலே சுண்ணாம்பு இழுத்திருந்தாள். வெளிப்பக்கமும் அப்படியே. மண்ணில் இருந்த வெடிப்பையும் மண்வெட்டியால் மூடி, மேலே பூச்சட்டி வைத்திருந்தார்கள். பூச்சட்டி!

"என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க? வெடிப்பப் பாக்கத்தானே வர்றான்! வெடிப்பு எங்க?"

"வர்றவுக முன்னாடி ஓட்டைச் சுவர எப்பிடிடி காட்டுறது? நம்மளக் கேவலமா நெனைக்க மாட்டாங்களா?"

"கேவலமாத்தான்க்கா நெனைக்கணும்! நம்மள இல்ல, இதுக்குள்ள நம்மள வச்சிருக்கிறவன!"

என் குரல் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டிருக்கும். பேச்சியக்கா கையிலிருந்த சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிய நேரத்தை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அப்போது எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் காம்பராவுக்குப் போனால், என் அம்மா பவுலினும் மாதா படத்தைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் அடித்து முடித்திருந்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். இளவயது, சப்பாத்தெல்லாம் சேறு. தமிழ் ஓரளவு விளங்கும், பேச்சு சிங்களத்தில். கூடவே கஜேந்திரன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அதிகாரி பேச்சியக்காவின் பின்சுவருக்கு முன்னால் நின்று, மேலும் கீழும் பார்த்து, என்னிடம் வெடிப்பு எங்கே என்று கேட்டார். நான் அச்சடித்த படங்களை நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார், நெற்றி சுருங்கியது. படத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தார்.

கஜேந்திரன் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். இந்தக் காலத்தில் போனிலேயே எதையும் செய்துவிடலாம், இல்லாத மலையைக்கூட உண்டாக்கலாம், இது எந்தச் சுவர் என்று யாருக்குத் தெரியும் என்றார். ஆறு வாரம் மண் மூட்டையோடும் மூச்சோடும் போராடி எடுத்த படம். இப்போது அது தெளிவாக இருப்பதே குற்றமாகிவிட்டது. என் காது பற்றி எரிந்தது.

"சேர், ரெண்டு நிமிசம் குடுங்க" என்றேன் சிங்களத்தில். "கதவச் சாத்துறேன்."

கதவையும் ஜன்னலையும் சாத்தி, பல்பை அணைத்தேன். கூரை இடுக்கில் வந்த கொஞ்ச வெளிச்சத்தைத் தவிர இருட்டு. டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து எரியவிட்டேன். வெள்ளைச் சுவரில், கூரையிலிருந்து தரை வரை, களிமண் ஒரே இரவில் காய்ந்து சுருங்கிய தடம் வளைந்து வளைந்து எழுந்து வந்தது. அதற்கு ஒரு பக்கம் சுவர் மேடு, மறுபக்கம் பள்ளம். நேற்று அட்டனில் அச்சடித்த படத்தில் இருந்த அதே வளைவு. அதிகாரி கிட்டே வந்து குனிந்தார். விரலால் தடவினார். கேமராவை மண் மூட்டையில் வைத்து, அவர் விரலும் தெரியும்படி நான் ஒன்று எடுத்தேன்.

"அது நேத்து பூசுன தடம் சேர்" என்றார் கஜேந்திரன். "கையால பூசுனா மேடு பள்ளமாத்தான் இருக்கும்."

அதிகாரி நிமிர்ந்தார். சந்தேகம் இருக்கிறது, ஆனால் சந்தேகத்தை எழுத முடியாது என்றார். பூச்சை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கட்டடம் தோட்டத்துடையது, அதை உடைக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி வந்ததும் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கொப்பியை மூடினார்.

இன்னொரு நாள் என்றால் எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியும். மழைக்குப் பிறகு ஒரு நாள். மண்வெட்டியோடு வருவார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வரும்போது கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது, தேயிலையை வெட்டி இறக்குகிற பெரிய கத்தி. நேற்றிலிருந்து யாரோடும் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"பேச்சி, என்ன செய்யிற? தோட்டத்துச் சுவருல கை வைக்கப்படாது!" என்றார் கஜேந்திரன்.

"நேத்து பூசச் சொன்னப்ப எங்க வீடுன்னீங்க. இன்னைக்குச் செரண்டுறப்ப தோட்டத்துச் சுவராங்கய்யா?"

கத்தியைச் சுவரில் வைத்து இழுத்தாள். அவள் கையால் ஆசை ஆசையாகப் பூசிய சுண்ணாம்பு பாளம் பாளமாக விழுந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அசைகிற கையை எடுக்க வெளிச்சம் வேண்டும், ஷட்டர் வேகமாக ஓட வேண்டும். குறைந்த வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டுகிற ஐ.எஸ்.ஓ.வைக் கண்மண் தெரியாமல் ஏற்றினேன். படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும், ஆள் ஆடாமல் விழுந்தால் போதும். கேமராவைக் கையிலெடுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராக்காரிகள் வந்தார்கள். என் அம்மா தேங்காய்ச் சிரட்டையோடு வந்தாள். ஒருத்தி கரண்டியோடு. யாரும் யாரையும் கேட்கவில்லை. உள்ளே நான்கு பேர், வெளிப்பக்கம் ஐந்து பேர், மிச்சம் மூன்று பேர் பின்னால் போய்ப் பூச்சட்டிகளைத் தூக்கி எறிந்து மண்ணைக் கிளறினார்கள். கஜேந்திரன் குடையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். சுரண்டுகிற சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியக்கா கத்தியைக் களிமண்ணுக்குள் இறக்கினாள். அது கைப்பிடி வரை போனது. திருகி இழுத்தாள். வெளியே ஒரு கட்டி பொத்தென்று விழும் சத்தம் கேட்டது. அந்த ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்து அவள் சேலையில் கோடாக விழுந்தது.

அதிகாரி கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை போனது. வெளியே எடுத்து, கையில் ஒட்டிய மண்ணை உதறினார். அதன் பிறகு அவர் நிர்வாகத்தின் அனுமதியைப் பற்றிப் பேசவில்லை. அளவுநாடாவை விரித்தார். உள்ளே அளந்தார், வெளியே அளந்தார், பீலிப் பாதை வரை நடந்து மண்ணை அளந்தார். திரும்பி வந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் எழுதினார். பிறகு பேச்சியக்காவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அம்மா, இங்க இருக்க ஏலாது. பன்னெண்டு வீட்டு ஆக்களும் வேற எடத்துக்குப் போகணும். மழைக்கு முந்தி. நான் எழுதிட்டன்."

என் கேமராவிலிருந்த படங்களை அன்றைக்கே அனுப்பச் சொல்லி நம்பரும் கொடுத்தார். அவருடைய வாகனம் வளைவில் மறையும் வரை யாரும் அசையவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாகனச் சத்தம் ஓய்ந்ததும் கஜேந்திரன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

"தோட்டத்துச் சொத்த சேதப்படுத்தியிருக்கீங்க. யார் யாரு கை வச்சதுன்னு பேரச் சொல்லுங்க. தொரைக்கு ரிப்போட் போகணும். வேலை நிப்பாட்டு வரும், இப்பவே சொல்லிட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்ப்போம். காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அப்படித்தான் நிற்போம். யாராவது ஒருத்தி மன்னிப்புக் கேட்பாள், மற்றவர்கள் மெல்லக் கலைவோம். நானும் ஒரு நொடி என் செருப்பைப் பார்த்தேன்.

"எதுக்குங்கய்யா எழுதிக்கிட்டு கஷ்டப்படுறீங்க?" என்றாள் பேச்சியக்கா. தலை, புருவம், சேலை எல்லாம் சுண்ணாம்பு. "பேரு மாறிப் போகும். மொகத்தையே குடுக்கிறோம். ஏ மெரினா, நாங்க வரிசையா நிக்கிறோம், ஒண்ணு எடுத்து ஐயா கையில குடு. தொரைக்குத் தெளிவா இருக்கணும்."

அவள் லயத்துக்குப் பின்னால் போய்ச் சுரண்டிய வெளிச்சுவருக்கு முன்னால் நின்றாள். அம்மா சிரட்டையோடு பக்கத்தில் போய் நின்றாள். அழகுமுத்து அண்ணன் மனைவி நின்றாள். மண் கிளறிய மூன்று பேரும் கை கழுவாமல் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி முகத்தைத் துடைக்க முந்தானையைத் தூக்கினாள். "தொடைக்காதீங்க, அப்பிடியே நில்லுங்க" என்றேன். நாலரை மணி வெயில் மலைமேல் சரிந்து பக்கத்திலிருந்து வந்தது, ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக் காட்டியது. பேச்சியக்காவின் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கீழே பார்க்கவில்லை.

வலது ஓரத்தில் மூன்று முகம் மட்டும் இருட்டாக இருந்தது. கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். கொப்பியை விரித்துப் பிடித்தபடி கஜேந்திரன் வெயிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, உங்க நிழலு அவங்க மொகத்துல விழுது" என்றேன். "தள்ளி நில்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு இரண்டடி பின்னால் போனார், நான் எடுத்தேன்.